அமெரிக்கக்காரர் எழுதாத பாட்டு

ஆசிரியர் சங்க மலருக்கு எழுதச் சொல்லி வந்த இளைஞர், "உங்கள் பணிக்காலத்துச் சாதனைகளை எழுதுங்கள் ஐயா, ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்" என்றார். சாதனைகள் என்றால் கால் பக்கம் போதும். மீதி ஐந்தே முக்கால் பக்கத்துக்குப் பல்பொடி விளம்பரம் போட்டுக்கொள்ளலாம். தவறுகள் என்றால் மலர் முழுவதும் எனக்கே வேண்டும். பேரம் பேசி, ஒரு தவறை மட்டும் அதன் பெண்டு பிள்ளைகளுடன் எழுதுவதாக ஒத்துக்கொண்டேன். புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பழையவர்கள் படித்தால் சிரிப்பார்கள். அவர்களுக்கு மீதித் தவறுகளும் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது இது. ரங்கூனில், பபேடான் பகுதியில் ஒரு சந்து. சந்தில் ஒரு மாடி. மாடியில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம். கீழே மசாலாக் கிடங்கு. மிளகாய் மூட்டை பிரிக்கிற நாளில் இலக்கணம் நடத்த முடியாது. வகுப்பு முழுவதும் தும்மும், நானும் தும்முவேன், அன்றைக்குப் பையன்களுக்கும் எனக்கும் இடையே நல்ல புரிதல் இருக்கும். மற்ற நாட்களில் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்தேன் என்று பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கிறது.

பதிவேட்டில் இன்னொன்றும் இருந்தது. தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் ஏறக்குறைய எல்லாப் பையன்களும் 'கிளார்க்கு' என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பதிவேட்டை நம்பினால் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆளே இருந்திருக்கக் கூடாது. உண்மையில் தகப்பன்மார்களில் பெரும்பாலோர் கப்பல் அணையும் ஜெட்டியில் அரிசி மூட்டை சுமந்தார்கள். சிலர் ரயில் பாதை போட்டார்கள். சிலர் முனிசிபாலிட்டிக் குப்பை வண்டியோடு போனார்கள். பையன்கள் தெருவில் தகப்பனாரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் நடப்பார்கள். கட்டுரை எழுதச் சொன்னால் ரோஜாவைப் பற்றியும் நிலவைப் பற்றியும் எழுதுவார்கள். ரோஜாவை அவர்கள் பார்த்ததில்லை. நிலவைப் பார்க்கிற நேரத்தில் தூங்கிவிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்தப் புத்தகம் கிடைத்தது. ஊருக்குத் திரும்பிய ஓர் அமெரிக்க அம்மாளின் தட்டுமுட்டுச் சாமான்கள் நடைபாதைக் கடையில் விலைக்கு வந்திருந்தன. மூன்று புத்தகம் சேர்த்து ஒரே விலை. ஒன்று கோழி வளர்ப்பு. ஒன்று தையல். மூன்றாவதற்கு அட்டையும் முதல் பக்கங்களும் கிடையாது. கரையான் பெயர்களை எல்லாம் தின்றுவிட்டுப் பாட்டுகளை மட்டும் விட்டுவைத்திருந்தது. நான் முதலில் படித்தது கோழி வளர்ப்பு. இதை ஒளிப்பதில் பயனில்லை.

மூன்றாவது புத்தகத்தை ஒருநாள் டிராமில் பிரித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. ஊர்க்கோடியில், க்யிம்யிண்டைங்கில் கண்டக்டர் தோளைத் தட்டி, இதற்கு மேல் தண்டவாளம் இல்லை என்று சொன்னபோதுதான் தலையை நிமிர்த்தினேன். அமெரிக்காவில் உள்ள கறுப்பு மக்கள் எழுதிய பாட்டுகள் அவை. அவர்களின் பாட்டன் பாட்டியை வெள்ளைக்காரர்கள் சந்தையில் வைத்து விற்றிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் துணி தேய்க்கிறார்கள், தண்டவாளம் போடுகிறார்கள், கப்பலுக்கு மூட்டை ஏற்றுகிறார்கள். அப்புறம் உட்கார்ந்து, தேய்த்ததையும் போட்டதையும் ஏற்றியதையும் பாட்டாக எழுதியிருக்கிறார்கள். அதில் துவைத்து இஸ்திரி போடும் ஓர் அம்மாள், இந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவரையும் சட்டைக் கழுத்து அழுக்கை வைத்தே எனக்கு அடையாளம் தெரியும் என்கிற கருத்தில் எழுதியிருந்தாள். ரோஜா எங்கேயும் இல்லை.

இதை என் பையன்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. இதுவரை சரி. இதற்கு மேல் நான் செய்ததுதான் தவறுகளில் முதலாவது. அந்த இஸ்திரிக்கார அம்மாளின் பாட்டை வெண்பாவாக்கினேன்.

ஒரு வாரம் உழைத்தேன். எதுகை, மோனை எல்லாம் இருந்தன. வழக்கப்படி பையன்களைப் பதம் பிரிக்க வைத்து, பதவுரை, பொழிப்புரை எழுத வைத்து, சேர்ந்து ராகமாகச் சொல்ல வைத்தேன். அழகாகச் சொன்னார்கள். மாதப் பரீட்சையில் 'இப்பாடலை இயற்றியவர் குறித்து எழுதுக' என்று கேட்டேன். ஒருவன் விடாமல் எல்லோரும் எழுதியிருந்தார்கள். அவர் அமெரிக்கா என்னும் திருத்தலத்தில் அவதரித்தவர். இளமையிலேயே இறைவனால் ஆட்கொள்ளப்பட்டவர். பல பதிகங்கள் பாடி முக்தி அடைந்தவர். ஒருவன் அவர் செய்த அற்புதங்கள் இரண்டு என்று எண்ணிக்கையும் கொடுத்திருந்தான். அடுத்த நாள் பாட்டைச் சொல்லும் முன் கடைசி வரிசைப் பையன்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நானே பார்த்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பர்மியப் பாடம் நடத்திய ஸயா அந்த விடைத்தாள்களை வாங்கிப் படித்தார். பர்மாவில் ஆசிரியரை ஸயா என்போம். அவர் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், இன்று பெரிய பதவியில் இருக்கிறார், என் சிநேகிதர் என்பது வெளியே தெரிந்தால் அவருக்கு நல்லதல்ல. என்னைவிட எட்டு வயது சின்னவர். பிறந்ததே அந்தத் தெருவில்; என்னைவிடச் சரளமாகத் தமிழில் திட்டுவார். என்னையும் ஸயா என்றே கூப்பிடுவார்.

"ஸயா, அந்தப் பொம்பளை இஸ்திரிதானே போடுறா?"

"ஆமாம்."

"பின்ன எதுக்கு அவளுக்குப் பட்டுப் புடவை கட்டி, நகை போட்டு, தேர்ல ஏத்தி விட்டீங்க? பையனுங்க கும்பிடாம என்ன செய்வானுங்க? இறக்கி விடுங்க. வேலைக்கு நேரமாச்சு அவளுக்கு."

மறுநாள் மிளகாய் மூட்டை இல்லாத நாள். புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டையும் பேசுகிற தமிழில், கதை சொல்வது போலச் சொன்னேன். அவள் கையில் இருந்த சூட்டுத் தழும்பு, கழுத்துப்பட்டை அழுக்கு எல்லாம் வந்தன. கடைசி வரிசை கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. முன்னால் நகர்ந்து வந்தது.

அங்கமுத்து என்று ஒரு பையன். கிளார்க்கு மகன்களில் ஒருவன். மற்றவர்கள் வாயைத் திறந்து கேட்டால் இவன் வாயை மூடிக்கொண்டு கேட்பான். எழுந்து நின்றான்.

"சார், இதையெல்லாம் எழுதினா அங்க யாரும் அடிக்க மாட்டாங்களா?"

"அடிப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்."

"அடிச்சதுக்கு அப்புறமும் எழுதினாங்களா?"

"எழுதியிருக்கிறார்களே."

உட்கார்ந்துவிட்டான். அந்த வாரக் கட்டுரைக்குத் தலைப்பு கொடுக்கவில்லை. தினமும் கண்ணால் பார்க்கிற ஒன்றை எழுதி வாருங்கள், ரோஜா எழுதினால் காதைத் திருகுவேன் என்றேன். வந்தவற்றில் பாதி சாப்பாட்டைப் பற்றியவை. ஒருவன் தன் பர்மிய அம்மா மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்காச் சேமியா விற்கிற அடுப்பைப் பற்றி எழுதியிருந்தான். படித்ததும் எனக்குப் பசித்தது. இலக்கியம் என்று ஒத்துக்கொண்டேன். அங்கமுத்து கொண்டுவந்தது இது:

*அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது.*
*அப்பா முதுகில் எழுதியிருக்கு.*
*மூட்டையில் அடித்த மை*
*வேர்வையில் ஊறி முதுகில் ஒட்டும்.*
*எழுத்தெல்லாம் திரும்பி நிற்கும்.*
*நான் திருப்பிப் போட்டுப் படிப்பேன்.*
*கப்பல் போகிற ஊர் பேர் இருக்கும்.*
*கம்பெனி பேர் இருக்கும்.*
*அப்பா பேர் இருக்காது.*
*மேஸ்திரிக்குக் குடை நிழல்.*
*அப்பாவுக்கு மூட்டை நிழல்.*

நான் படித்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். பிறகு ஆசிரியன் என்பதால் ஏதாவது செய்ய வேண்டுமே என்று 'ஒட்டும்' என்பதை அடித்து 'ஏறும்' என்று திருத்தினேன். அப்படியே ஆண்டு விழாவில் சொல்லட்டும் என்று தீர்மானித்தேன். குடையைப் பற்றி யோசிக்கவே இல்லை. குடையில் பிழை ஏதும் இல்லாததால் அது என் கண்ணில் படவில்லை.

இங்கே எங்கள் பள்ளிக்கூடத் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, ஜெட்டியில் மூட்டை ஏற்ற விடுகிறவரை மேஸ்திரி என்போம். தலைவர் அப்படிப்பட்டவர்களில் பெரியவர். பெரிய மேஸ்திரி என்றே பெயர். பள்ளிக்கூட வாடகை, மேசை, நாற்காலி, என் சம்பளம் எல்லாம் அவர் கையிலிருந்து வருகிறவை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நாடகக் கொட்டகையில் முதல் வரிசையில் உட்கார்ந்து வாய்விட்டு அழக்கூடியவர். ஆனால் பிடிக்காத ஆளை ஒரு வார்த்தை பேசாமல் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். நிறுத்தப்பட்டவனை வேறு எந்த மேஸ்திரியும் சேர்த்துக்கொள்ள மாட்டார். அப்புறம் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். அவர் வெயிலில் நடந்தால் பின்னால் ஓர் ஆள் வெள்ளிப் பூண் போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு வருவான். ரங்கூனில் அந்தக் குடையைத் தெரியாதவர் கிடையாது, வெண்பா எழுதிக்கொண்டிருந்த என்னைத் தவிர.

ஆண்டு விழாவுக்குத் தலைவர் வந்தார். கை தட்டுவதற்காகத் தன் ஆட்களுக்கு அரைநாள் ஓய்வு கொடுத்து அவர்களையும் அனுப்பியிருந்தார். அவர்கள் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கமுத்துவின் தகப்பனார் பழனியாண்டியும் அதில் ஒருவர். குடைக்காரன் தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். குடை மடக்கியிருந்தது, ஆனால் இருந்தது.

அங்கமுத்து மேடை ஏறினான். பதற்றமே இல்லை. 'அப்பா பேர் இருக்காது' என்கிற இடத்தில் பாயில் இருந்தவர்கள் கனைப்பதை நிறுத்தினார்கள். அடுத்த வரியில் கூடத்திலிருந்த எல்லாத் தலைகளும் குடைக்காரன் பக்கம் திரும்பின. குடைக்காரனும் யாரைப் பார்க்கிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு அந்த வரியின் பொருள் விளங்கியது. பதவுரை, பொழிப்புரை இரண்டும் ஒரே நேரத்தில் விளங்கின.

கை தட்டல் இல்லை. தலைவர் என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, இது யாரு எழுதுனது?"

பையனின் பெயரைச் சொன்னால் பழனியாண்டிக்கு நாளைக்கு வேலை இல்லை. பையனுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. எனக்கும் இருக்காது, அந்த நினைப்பும் வந்தது, முதலில் வந்தது அதுதானா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

"அமெரிக்காவுல ஒரு கறுப்பர் எழுதினதுங்க" என்றேன். "தமிழ்ல ஆக்கினது நான்."

பொய்யிலும் எனக்கென்று ஒரு பங்கு வைத்துக்கொண்டதைக் கவனியுங்கள்.

தலைவரின் முகம் இளகியது. "அமெரிக்காவுலயும் மேஸ்திரி உண்டா?"

"உண்டுங்க."

"குடை பிடிச்சுக்கிட்டு நிப்பானா? இந்தப் பாவப்பட்ட சனம் வெயில்ல சாக, இவன் நிழல்ல நிப்பானா?"

"அப்படித்தாங்க எழுதியிருக்கு."

"ஈவு இரக்கமில்லாத பய" என்றார் தலைவர். அழ ஆரம்பித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சபைக்கே கேட்கும்படி, அப்படிப்பட்ட மேஸ்திரி மனுசனே இல்லை என்றார். தனக்குப் போட்ட சால்வையை எடுத்து எனக்குப் போட்டார். பள்ளிக்கூட ஆண்டு மலரில் முதல் பக்கத்தில் இந்தப் பாட்டை அச்சடிக்க வேண்டும், அந்த அமெரிக்கக்காரர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்று உத்தரவானது. இப்போது எல்லோரும் கை தட்டினார்கள். நான் சால்வையோடு நின்றேன். அங்கமுத்து மேடையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கீழே இறங்கினான்.

ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதாக அன்றைக்கு நினைத்தேன். ஸயா மட்டும் சால்வையின் சரிகையைத் தடவிப் பார்த்து, "நல்ல சால்வை. எந்தப் பையனோடது?" என்றார்.

அடுத்த நாள் வருகைப் பதிவு எடுத்தேன். "அங்கமுத்து." பதில் இல்லை. ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். "அங்கமுத்து!" பக்கத்துப் பையன் எழுந்து, "அவன் பேரு அமெரிக்கக்காரர் சார், நேத்துலேர்ந்து" என்றான். கட்டுரை நோட்டை வாங்கிப் பார்த்தேன். அட்டையில் பெயரை அடித்துவிட்டு 'அமெரிக்கக்காரர்' என்று எழுதியிருந்தான். உள்ளே வெறும் தாள். ஏன் எழுதவில்லை என்றேன்.

"நான் எழுத மாட்டேன் சார். அமெரிக்காவுலேர்ந்து வரும். நீங்க தமிழ்ல ஆக்கிக்குங்க."

பிரம்பு மேசை மேல்தான் இருந்தது. இளம் நண்பர்களே, கையில் பிரம்பு இருக்கும்போது பையன் உண்மையைச் சொன்னால் என்ன செய்வது என்று எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித்தருவதில்லை. நான் கரும்பலகையைத் துடைத்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

சாயங்காலம் அவனைத் தனியாக அழைத்துச் சால்வையை நீட்டினேன்.

"இது உன்னோடதுடா. நீ வைத்துக்கொள்."

"தபால்ல அனுப்பி வைங்க சார். அவருக்கு அங்க குளுரும்."

வாரக் கடைசியில் மற்ற பையன்களும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். பயந்துபோய் அல்ல, எழுதினால் வாத்தியார் எடுத்துக்கொள்வார் என்று பேச்சு. மொஹிங்கா அடுப்புக்காரன் ரோஜாவுக்குத் திரும்பிவிட்டான். அங்கமுத்து சனிக்கிழமை வரவே இல்லை. அன்று மத்தியானம் பழனியாண்டி வந்தார். ஜெட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறார். முழங்கால் வரை வேட்டி, தோளில் துண்டு, மேலுக்குச் சட்டை இல்லை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"பய படிப்பு வேணாங்கிறான் வாத்தியாரையா. என்கூட மூட்டைக்கு வாரேங்கிறான். என்னடான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். நீங்க ஏதும் அடிச்சீங்களா?"

"இல்லை."

"அடிங்க. நாலு போடுங்க. கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிங்க, ஆனா அவன விட்ராதீங்க. இவன் ஒருத்தனாச்சும் நெழல்ல இருந்து வேலை பாக்கணும்." கொஞ்சம் தயங்கினார். "அன்னைக்கு ஒரு பாட்டுச் சொன்னானே, அமெரிக்காக்காரரு பாட்டு. ராவெல்லாம் மனசுலயே நின்னுச்சு. அந்த ஆளு நம்ம ஊருக்கு வந்திருக்காரா?"

"ஏன் கேட்கிறீர்கள்?"

"என் முதுகப் பாத்தாப்பலயே எழுதியிருக்காரே! எனக்கே தெரியாது, முதுகுல எழுத்து ஒட்டுமான்னு. இப்ப பாருங்க, இருக்கா?"

திரும்பி நின்று துண்டை எடுத்தார். இருந்தது. கழுத்துக்குக் கீழே காய்த்துப்போன இடத்தில் நீல மை, இடவலம் மாறிய இங்கிலீஷ் எழுத்துகள். எந்தத் துறைமுகம் என்று எழுத்துக் கூட்டினேன். பாதி படித்ததும் எனக்கு மீதி தெரியவில்லை. மை அழிந்திருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

"இருக்கிறது" என்றேன். "எழுதினது அமெரிக்கக்காரர் இல்லை. உங்கள் மகன். நான்தான் பயந்து பொய் சொன்னேன்."

அவர் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே நின்றார்.

"தெனம் குழாயடியில முதுகு தேய்க்கச் சொல்வேன்" என்றார் சுவரைப் பார்த்து. "தேய்க்காம பின்னாடி சும்மா நிப்பான். சோம்பேறிப் பயலேன்னு வைவேன். இதைத்தான் பாத்துக்கிட்டு நின்னானா?"

அவர் துண்டைப் போட்டுக்கொண்டு திரும்பினார். மலரில் பெயர் போட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். குடை, மேஸ்திரி, வேலை, கப்பல். அவர் கையை உயர்த்தினார்.

"அதெல்லாம் எனக்குச் சொல்றீங்களா? இருபது வருசமா அந்தக் குடைக்குக் கீழதான் மூட்டை தூக்குறேன். அவன் பேரப் போடுங்க. பய திங்கக்கெழமை வருவான்."

ஞாயிற்றுக்கிழமை காலை சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனேன். தைரியம் வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. பழனியாண்டி எனக்கு முன்னால் போய் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்ற பயம், மேஸ்திரி மேலிருந்த பயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. தைரியம் என்று வெளியே சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்த வகைதான் என்பது என் அனுபவம்.

"வாங்க அமெரிக்கா வாத்தியாரே" என்றார் தலைவர். "கவிராயர் பேரு கண்டுபிடிச்சாச்சா?"

"ஆச்சுங்க. அங்கமுத்து."

"அமெரிக்காவுல அங்கமுத்துவா?"

"ஏழாம் வகுப்புலங்க. பழனியாண்டி மகன். அன்னைக்கு நான் சொன்னது பொய்."

"எந்தப் பழனியாண்டி?"

"உங்க ஆளுதாங்க."

அவர் வெற்றிலையை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"அப்ப அந்தக் குடை?"

வழியெல்லாம் மூன்று பதில் தயார் செய்து வந்திருந்தேன். அது உருவகம் என்பது ஒன்று. வேறு மேஸ்திரி என்பது ஒன்று. மூன்றாவது மறந்துபோயிற்று. அவர் முகத்தைப் பார்த்ததும் மற்ற இரண்டும் போயின.

"உங்களுதுதாங்க."

"பழனியாண்டிய நாளைக்கே நிறுத்தினா என்ன சொல்வே?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க. நீங்கதான் சொல்லிட்டீங்க. அந்த மேஸ்திரி மனுசனே இல்லேன்னு சபையில சொன்னீங்க. ஜெட்டி ஆளுங்க எல்லாரும் கேட்டாங்க. இப்ப அவரை நிறுத்தினா, அந்தக் குடை எதுன்னு தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சுபோயிரும்."

என் வாழ்க்கையில் நான் கோவையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். பேசி முடித்ததும் பார்த்தால் ஒரு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியின் கை அது.

"அன்னைக்கு நான் அழுதேனே, வாத்தியாரே" என்றார். குரலில் கோபம் இல்லை. ஏமாந்த குரல்.

"பாட்டு நிசங்க. அழுததும் நிசம். பேரை மட்டும்தான் நான் மாத்தினேன்."

"போய்யா" என்றார். "அச்சடி. சால்வைய எடுத்துக்கிட்டுப் போ, என் கண்ணுல காட்டாதே."

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்று, பாட்டு அங்கமுத்துவுடையது, அமெரிக்கக்காரர் என்று நான் சொன்னது பொய், பயந்து சொன்னேன் என்றேன். மிளகாய் மூட்டை பிரித்திருந்தார்கள். தும்மலுக்கு நடுவில்தான் சொல்ல முடிந்தது. மன்னிப்புக் கேட்பதற்கு அது உகந்த சூழ்நிலை அல்ல, ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தால் காரணம் சொல்லத் தேவையில்லை. அங்கமுத்து எழுந்தான்.

"சார், 'ஏறும்'னு மாத்தினீங்களே. நான் 'ஒட்டும்'னுதான் எழுதினேன். அதையும் பழையபடி ஆக்கிருங்க."

ஆக்கினேன். அன்றிலிருந்து பையன்கள் எழுதுவதில் எழுத்துப்பிழை தவிர வேறு எதிலும் நான் கை வைத்ததில்லை. அமெரிக்கப் பாட்டுகளையும் நிறுத்தவில்லை. வாரம் ஒன்று சொன்னேன். அந்த முகம் தெரியாதவர்கள் எழுதியதில் என் பையன்கள் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: இதையும் எழுதலாம் என்பது. அதற்கு வெண்பா தேவைப்படவில்லை.

தலைவர் பழனியாண்டியை நிறுத்தவில்லை. மூன்று நாள் குடை இல்லாமல் ஜெட்டிக்குப் போனார். பங்குனி வெயில். நான்காம் நாள் காய்ச்சலில் படுத்தார். ஒரு வாரம் கழித்துக் குடை திரும்பி வந்தது. கூடவே எனக்கு ஓர் உத்தரவும் வந்தது: இனி நான் முதல் வகுப்புக்கு அரிச்சுவடி மட்டும் நடத்த வேண்டும். இரண்டு வருஷம் நடத்தினேன். அமெரிக்கப் பாட்டு ஏழாம் வகுப்பில் தொடர்ந்தது. ஸயா நடத்தினார், பர்மியப் பாட நேரத்தில். தலைவருக்கு அது இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்தால் ஸயாதான் பதில் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூட மலர் கியாக்டடாப் பகுதி அச்சகம் ஒன்றில் அச்சாகி வந்த அன்று, பழனியாண்டி சாயங்காலம் வந்து ஒரு பிரதி கேட்டார். முதல் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கி, பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பய பேரு எது?"

காட்டினேன். தலையை ஆட்டினார்.

"குடை எது?"

விரலை வைத்துக் காட்டினேன். குனிந்து, கண்ணைச் சுருக்கி, அந்த இரண்டு எழுத்தையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இம்புட்டுச் சின்னதாவா இருக்கு?" என்றார். "இதுக்கா வாத்தியாரையா அம்புட்டுப் பயந்தீங்க?"